ஐயத்தின் எல்லை: ப்ரமாண விசாரத்தில் பூர்வாசார்யர்களின் நிலை

வேதாந்த சாஸ்த்ரத்தை முறையாக வாசிக்கத் தொடங்குபவர் முதலில் கற்பது அதிகரணத்தின் அங்கங்களை. விஷயம், ஸம்சயம், பூர்வபக்ஷம், ஸித்தாந்தம், ப்ரயோஜனம் என்று அவை ஐந்து. இவற்றுள் இரண்டாவதாக வைக்கப்பட்டிருப்பது ஸம்சயம், அதாவது ஐயம். ஐயம் எழாத இடத்தில் அதிகரணமே எழாது. அதிகரணம் எழாவிடில் ஸித்தாந்தத்துக்கு இடமில்லை. ஆகவே ஐயத்தைப் பகையாக எண்ணி வாசலிலேயே தடுத்த மரபு நம்முடையது அன்று. அதற்கு உள்ளே ஓர் ஆசனம் இட்டு, அது கேட்க வேண்டியதைக் கேட்கவைத்து, பின்னர் விடை அளித்த மரபு.

ஆயினும் ஐயங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. இந்த வாக்யத்துக்கு இப்பொருளா அப்பொருளா என்று கேட்கும் ஐயம் ஒன்று. எந்த வாக்யமாயினும், எந்தக் காட்சியாயினும், அது பொருளை உள்ளபடி காட்டுகிறது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்கும் ஐயம் மற்றொன்று. முன்னது விசாரத்தைத் தொடங்கிவைப்பது. பின்னது விசாரத்துக்குரிய கருவிகளையே பறித்துக்கொள்ள முயல்வது. இந்த இரண்டாவது வகை ஐயம் பாரத தேசத்துச் சாஸ்த்ர வரலாற்றில் எவ்வாறு வளர்ந்தது, நம் பூர்வாசார்யர்கள் அதை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைப் பார்ப்பது, ப்ரமாண க்ரந்தங்களைக் கற்பவர்க்கு மட்டுமன்றி, திருக்கோயில் ஆராதனத்திலும் ப்ரபத்தியிலும் ஊன்றி நிற்பவர்க்கும் பயனுடையது.

தராசும் முரசும்

ந்யாய ஸூத்ரங்களின் இரண்டாம் அத்யாயத்திலேயே இவ்வையம் பூர்வபக்ஷமாக நிற்கிறது. ப்ரமாணம் என்பது ப்ரமேயத்துக்கு முன்னே இருக்கிறதா, பின்னே இருக்கிறதா, உடன் இருக்கிறதா? முன்னே என்றால், அறியப்படும் பொருள் இல்லாதபோது அது எதை அறிவிக்கும்? பின்னே என்றால், பொருள் முன்பே நிலைபெற்றுவிட்டதால் அதற்கு வேலை இல்லை. உடன் என்றால், அறிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் முறை கெடும். மூன்று காலத்திலும் பொருந்தாத ஒன்றை ப்ரமாணம் என்பது எவ்வாறு?

விடையாக கௌதமர் காட்டும் உதாரணங்கள் எளியவை. முரசின் ஒலியைக் கேட்டு, முன்பே அங்கிருக்கும் முரசை அறிகிறோம். எனவே அறிவிப்பது பின்னும் அறியப்படுவது முன்னும் இருப்பதில் குற்றமில்லை. பொன்னை நிறுக்கும் தராசு ப்ரமாணம். அத்தராசு சரியானதா என்று தெரிந்த எடையுள்ள பொன்னை வைத்து ஆராயும்போது அதுவே ப்ரமேயம். ஒரே பொருள் ஒரு நேரம் அளப்பதாகவும் மற்றொரு நேரம் அளக்கப்படுவதாகவும் இருக்கலாம். விளக்குக்கும் இது ஒக்கும்.

மாத்யமிக பௌத்தரான நாகார்ஜுனர் இவ்விளக்கையும் விடவில்லை. விக்ரஹவ்யாவர்த்தனீ என்ற தம் நூலில் அவர் கேட்பது இது: நெருப்பு தன்னையும் பிறவற்றையும் விளக்குகிறது என்கிறீர்கள், விளக்குவதாவது இருளைப் போக்குவது, நெருப்பில் இருள் ஏது, அதைத் தன்னிடமிருந்து போக்குவதற்கு? ஒரு ப்ரமாணத்துக்கு மற்றொரு ப்ரமாணம் வேண்டும் என்றால் அநவஸ்தை. வேண்டாம் என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? தமக்கு ப்ரதிஜ்ஞை என ஒன்றுமில்லை, ஆகவே குற்றமும் இல்லை என்பது அவர் நிலை. எழுபது காரிகைகளும் அவற்றுக்கு அவரே இட்ட உரையும் கொண்ட இந்நூலின் ஸம்ஸ்க்ருத மூலம் நெடுங்காலம் நம் நாட்டில் கிடைக்கவில்லை. ராஹுல ஸாங்க்ருத்யாயனர் திபெத்தில் சுவடியைக் கண்டெடுத்த பின்னர் 1937இல் அது அச்சேறியது.

இதற்கும் ஒரு படி மேலே சென்றவர் ஜயராசி பட்டர். அவருடைய நூலின் பெயரே தத்வோபப்லவஸிம்ஹம்: தத்துவங்கள் அனைத்தையும் நிலைகுலைக்கும் சிங்கம். பௌத்தர், நையாயிகர், மீமாம்ஸகர் என ஒருவரையும் விடாமல், அவரவர் கூறும் ப்ரத்யக்ஷ லக்ஷணத்தை அவர் ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கிறார். தத்துவங்கள் எல்லாம் கவிழ்ந்த பின்பு, ஆராயாதவரையில் உலக வ்யவஹாரம் இனிதே நடக்கும் என்பது அவர் முடிவு. குஜராத்தின் பாடணத்தில் 1926இல் ஓலைச்சுவடியாக அகப்பட்ட அந்நூல் 1940இல் பரோடாவில் வெளியாயிற்று.

நாதமுனிகளும் ஆளவந்தாரும்

இத்தகைய சூழலில் நம் தர்சனத்தின் ஆதிப்ரவர்த்தகரான நாதமுனிகள் திவ்யப்ரபந்தத்தை மீட்டு இசைகூட்டியதோடு நில்லாமல், ந்யாயதத்வம் என்றொரு நூலும் அருளிச்செய்தார் என்பது கருதத்தக்கது. அந்நூல் இன்று முழுமையாக இல்லை. பின்னோர் எடுத்தாண்ட பகுதிகளாலேயே அதனை அறிகிறோம். ஆழ்வார்களின் அநுபவத்தில் மூழ்கியிருந்த ஒருவர் ந்யாயத்தைப் பற்றி எழுதவேண்டிய தேவை என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். அவருடைய திருப்பேரனாரான ஆளவந்தாரின் நூல்கள் அக்கேள்விக்கு விடை.

பாஞ்சராத்ரம் ப்ரமாணம் அன்று என்று எதிர்ப்பவர் கூறிய காலம் அது. அவ்வெதிர்ப்பு வெறும் ஏட்டுத் தர்க்கம் அன்று. பாஞ்சராத்ரம் ப்ரமாணமாகாவிடில், அதன்படி நடைபெறும் ப்ரதிஷ்டை, திருமஞ்சனம், உத்ஸவம் அனைத்துக்கும் அடிப்படை ஆட்டங்காணும். அதன் வழி ஆராதிக்கும் பாகவதர்களின் வைதிகத் தகுதியும் கேள்விக்குள்ளாகும். எனவே ஆகமப்ராமாண்யத்தில் ஆளவந்தார், ஒரு வாக்யம் எப்போது அறிவைத் தரும், எப்போது தராது என்ற அடிப்படைக் கேள்வியிலிருந்தே தொடங்கவேண்டியிருந்தது. பேசுபவனிடம் அறியாமையோ வஞ்சனையோ இருக்குமிடத்தில் வாக்யம் கெடும். அக்குற்றங்களுக்கு இடமே இல்லாத ஸர்வஜ்ஞனான நாராயணன் அருளியதில் அக்கேடு புகுவதற்கு வழியில்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஸித்தித்ரயம் இன்று குறையாகவே கிடைப்பினும் அதில் மற்றொரு வேலி இடப்பட்டுள்ளது. அறிவு என்பது ஒருவனுக்கு, ஒன்றைப் பற்றியே தோன்றும். அறிபவனும் இன்றி, அறியப்படுவதும் இன்றித் தனித்து நிற்கும் அறிவு எந்த ப்ரமாணத்தாலும் காணப்பட்டதில்லை. பின்னர் ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் விரிவடையும் வாதத்தின் வித்து இது.

வளையல் ஆகாத வெள்ளி

ஐயவாதியின் பெரும்படைக்கலம் ப்ரமம், அதாவது மயக்க அறிவு. சிப்பியில் வெள்ளி தெரிந்தது. பின்னர் அது பொய் எனத் தெளிந்தது. அவ்வாறே இப்போது காண்பவையும் பொய்யாகாது என்பதற்கு என்ன உறுதி? ஓர் அறிவு பொருளே இன்றித் தோன்றக்கூடும் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், மற்ற அறிவுகளைக் காப்பது கடினம்.

ஸ்ரீபாஷ்யகாரர் (1017–1137) அம்முதல் ஒப்புதலையே தர மறுத்தார். அறிவு அனைத்தும் உள்ளதையே பற்றும் என்பது வேதம் அறிந்தோர் கொள்கை என்று அவர் நிறுவுகிறார். பூதங்கள் ஒன்றோடொன்று கலந்தே பொருள்கள் ஆகியிருப்பதால், சிப்பியில் வெள்ளியின் கூறும் சிறிது உண்டு. ஒப்புமை தோன்றுவதற்குக் காரணம் அதுவே. ஸோமக்கொடி கிடைக்காதபோது பூதீகத்தையும், நெல் கிடைக்காதபோது நீவாரத்தையும் கொள்ளச் சாஸ்த்ரம் இசைவது, அவற்றில் ஸோமத்தின், நெல்லின் கூறுகள் இருப்பதனால் என்று அவர் காட்டும் சான்று, யாகசாலை அறிந்தவர்க்கு உடனே விளங்கும். சங்கு மஞ்சளாகத் தெரிகையில், கண்ணிலுள்ள பித்தத்தின் மஞ்சள் உண்மையிலேயே கண்ணின் கதிரோடு சென்று சங்கைப் பற்றுகிறது. கனவில் தோன்றுபவை, அவரவர் புண்யபாபங்களுக்கேற்ப, அவர் மட்டுமே அநுபவிக்கும்படி, அந்தக் காலத்துக்கு மட்டுமாக ஈச்வரனால் படைக்கப்படுபவை.

அப்படியாயின் மயக்கத்துக்கும் உண்மையறிவுக்கும் வேறுபாடு என்ன என்ற கேள்வி எழும். இங்கேதான் ஸ்ரீபாஷ்யகாரரின் நுண்மை உள்ளது. சிப்பியில் வெள்ளிக்கூறு சிறிது, சிப்பிக்கூறு மிகுதி. மிகுதியை வைத்தே உலகம் பெயரிடுகிறது, செயற்படுகிறது. கண்ணின் குறையால் மிகுதியான கூறு மறைந்து சிறிதான கூறு மட்டும் தெரியும்போது, அதை நம்பி எடுத்தவனுக்கு வளையல் செய்ய வெள்ளி கிடைப்பதில்லை. அவன் கண்டது இல்லாததை அன்று; உள்ளதைக் குறைவாகக் கண்டான். அதனால் அவன் வ்யவஹாரம் பொருளோடு பொருந்தவில்லை. ப்ரமத்தைப் பிரிக்கும் கோடு பொருளின் இருப்பு இன்மையில் இல்லை, வ்யவஹாரத்தின் பொருத்தத்தில் இருக்கிறது. இந்த ஒரு சொல், பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, எதிர்பாராத இடத்தில் பயன்பட்டது.

மூடிய கையில் சோழிகள்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கன்னோஜி அரசவையில் விளங்கியவர் ஸ்ரீஹர்ஷர். அரசனிடம் இரண்டு வெற்றிலையும் ஓர் ஆசனமும் பெறும் பெருமையைத் தாமே நைஷதத்தின் இறுதியில் கூறிக்கொள்பவர். நளசரிதத்தை மஹாகாவ்யமாகப் பாடிய அவரே, கண்டனகண்டகாத்யம் என்ற தர்க்க நூலையும் இயற்றினார். கண்டனமாகிய கற்கண்டுப் பணியாரம் என்ற அப்பெயருக்கேற்ப, எதிரிகளின் லக்ஷணங்களை அவர் சுவைத்துச் சுவைத்து மெல்லுகிறார்.

உள்ளதை உள்ளபடி அநுபவிப்பதே ப்ரமை என்று நையாயிகர் கூறுகின்றனர். ஸ்ரீஹர்ஷர் ஓர் உதாரணம் தருகிறார். ஒருவன் கையை மூடிக்கொண்டு, உள்ளே எத்தனை சோழி என்று கேட்கிறான். மற்றவன் ஐந்து என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறான். திறந்தால் ஐந்தே இருக்கின்றன. அவன் நினைத்தது உள்ளபடியே உள்ளது. ஆயினும் அவன் அறிந்தான் என்று யார் கூறுவர்? மூடுபனியைப் புகை என்று கொண்டு மலையில் நெருப்பு உண்டு என்று ஒருவன் அனுமானிக்க, தற்செயலாக அங்கே நெருப்பும் இருந்தால், அதுவும் இவ்வாறே. லக்ஷணத்தைத் திருத்தினால், திருத்தியதில் வேறொரு குற்றம். இவ்வாறே நான்கு பரிச்சேதங்கள் நடக்கின்றன.

ப்ரமாணங்களையே ஒப்பாதவர் வாதத்துக்கு எவ்வாறு வரலாம் என்ற கேள்விக்கும் அவர் முன்னதாகவே விடை வைத்திருக்கிறார். இருவரும் விதிகளுக்கு இசைந்தால் போதும். அவ்விதிகளும் ப்ரமாணங்களும் உண்மையில் உள்ளன என்று ஒப்புவது வாதத்துக்கு வேண்டுவதில்லை என்பது அவ்விடை.

உதயனருடன் அவர் நிகழ்த்திய மோதல் புகழ்பெற்றது. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பதை எல்லா இடத்திலும் காலத்திலும் கண்டவர் யார் என்ற ஐயத்துக்கு, ந்யாயகுஸுமாஞ்ஜலியின் மூன்றாம் ஸ்தபகத்தில் உதயனர் விடை கூறியிருந்தார். ஐயத்துக்கு எல்லை, ஐயப்படுபவனின் சொந்தச் செயலோடு அது முரண்படும் இடம். அங்கே அது நின்றுவிடும் என்பது அவர் காரிகையின் கருத்து. ஸ்ரீஹர்ஷர் அக்காரிகையைச் சில சொற்கள் மட்டும் மாற்றித் திருப்பினார். முரண் உண்டு என்றாலே முரண்படுவதற்கு ஓர் ஐயமும் உண்டு. பின் முரண் எவ்வாறு ஐயத்துக்கு எல்லையாகும் என்பது அவர் திருப்பம். எதிரியின் செய்யுளைக் கொண்டே எதிரியை வெல்லும் கவியின் கைத்திறன் அது.

இங்கு ஒன்றை மறக்கலாகாது. ஸ்ரீஹர்ஷர் ஜயராசியைப் போல் அனைத்தையும் கவிழ்க்க வந்தவர் அல்லர். எல்லா லக்ஷணங்களும் விழுந்த பின்பு, தானே விளங்கும் அத்விதீய ஞானம் மட்டும் எஞ்சும் என்பது அவர் கருத்து. ஆகவே அவரை எதிர்கொள்வோர்க்குப் பணி இரண்டு: அவர் முறையைத் தடுப்பது, எஞ்சுவதாக அவர் கூறுவதை ஆராய்வது.

கவிதார்க்கிகஸிம்ஹத்தின் விடை

ஸ்வாமி தேசிகன் (1268–1369) தம் மாமாவும் ஆசார்யருமான கிடாம்பி அப்புள்ளாரிடம் சாஸ்த்ரம் கற்றவர். அப்புள்ளாரின் ந்யாயகுலிசமும் ப்ரமாண விசாரத்தில் தலைசிறந்த நூல். தேசிகன் ந்யாயபரிசுத்தி என்று தம் நூலுக்கு இட்ட பெயரே அவர் திருவுள்ளத்தைக் காட்டும். கௌதமரின் ந்யாயத்தைத் தள்ளிவிடாமல், அதில் வேதாந்தத்துக்கு மாறானவற்றை நீக்கித் தூய்மை செய்வது அவர் நோக்கம். ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம், ஸ்ம்ருதி, ப்ரமேயம் என ஐந்து அத்யாயங்களாக அந்நூல் அமைந்துள்ளது.

ப்ரமைக்கு அவர் தரும் லக்ஷணம் இங்கு முதன்மையானது: பொருள் உள்ளவாறு நிகழும் வ்யவஹாரத்துக்கு இசைவான ஞானம் ப்ரமை. உள்ளதைப் பற்றுவது என்று மட்டும் கூறாமல் வ்யவஹாரத்தை லக்ஷணத்துக்குள் வைத்தது ஏன் என்பது, ஸ்ரீபாஷ்யத்தை முன்வைத்துப் பார்த்தால் விளங்கும். எல்லா அறிவும் உள்ளதையே பற்றும் என்ற பின்பு, அப்பற்றுதலை மட்டும் கொண்டு ப்ரமையையும் ப்ரமத்தையும் பிரிக்க இயலாது. வளையல் ஆகாத வெள்ளியில் ஸ்ரீபாஷ்யகாரர் இட்ட கோடே இங்கு லக்ஷணமாக நிலைபெற்றுள்ளது.

இதைக் கொண்டு சோழிகளிடம் திரும்பினால் ஒரு தெளிவு பிறக்கும். ஐந்து என்று சொன்னவன் அச்சொல்லை நம்பித் தன் பொருளைப் பணயம் வைப்பானா? கையைத் திற, பார்க்கலாம் என்பான். அவனுக்கே நிச்சயம் இல்லை. அவனிடம் தோன்றியது ஐயத்தின் ஒரு பக்கத்தைத் தொட்ட சொல். அதனின்று வ்யவஹாரம் பிறக்காது. பனியைப் புகையாகக் கொண்டவன் நிலை இதனினும் கடினம். அவனுக்கு நிச்சயம் உண்டு, அவன் நெருப்பையும் அடைவான். ஆயினும், புகை இருக்கிறது என்று கொண்ட அடியில் அவன் வ்யவஹாரம் முன்பே பொருளோடு பொருந்தாமல் போயிற்று. பிழையான படியில் ஏறியவன் மாடியை அடைந்தாலும் படி நேராகிவிடாது. ஸ்ரீஹர்ஷரின் உதாரணங்கள் கூர்மையானவை என்பதில் ஐயமில்லை. லக்ஷணத்தைச் செம்மை செய்ய அவை உதவின. லக்ஷணம் குறைபட்டதனால் லக்ஷ்யமே இல்லை என்று முடிப்பதுதான் பொருந்தாது. பசுவுக்குக் கூறிய லக்ஷணம் தவறினால், தொழுவத்திலுள்ள பசு மறைந்துவிடுவதில்லை.

ப்ரமாணத்துக்கு ப்ரமாணம் கேட்கும் அநவஸ்தைக்கு விடை ஸ்வத:ப்ராமாண்யம். மீமாம்ஸகரோடு நம்மவரும் உடன்படும் இடம் இது. அறிவு தோன்றும்போதே நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது; அதைக் கெடுக்கும் குற்றமோ எதிரான அறிவோ தெரியும்போதுதான் அது தள்ளப்படுகிறது. நிரூபிக்க வேண்டிய சுமை, காரணம் காட்டாமல் ஐயப்படுபவன் மேல் விழுகிறது. மேலும், சிப்பியில் கண்ட வெள்ளியைத் தள்ளியது எது? பின்னர் தோன்றிய மற்றோர் அறிவு. அவ்வறிவை நம்பித்தான் ஐயவாதி முன்னதைப் பொய் என்கிறான். ஆக, அவனுடைய ஐயமே ஓர் அறிவின் தோளில் ஏறி நிற்கிறது.

வாதாதிகாரத்தைப் பற்றிய விசாரம் சததூஷணியிலும் உண்டு. இன்று அறுபத்தாறு வாதங்களோடு கிடைக்கும் அந்நூலின் போக்கில் நம்மவர் கேட்பது இது: விதிகளுக்கு இசைந்தால் போதும் என்கிறீர், இவர் விதியை மீறினார், இவர் மீறவில்லை என்று மத்யஸ்தர் அறிவது உள்ளதை அறிவதா, அன்றா? உள்ளதை அறிவது என்றால் ப்ரமாணம் நிலைபெற்றது. அன்று என்றால் வென்றவரும் தோற்றவரும் ஒன்றே. கண்டனம் யாருக்கு எதிராக நிகழ்ந்தது? எஞ்சுவதாகக் கூறிய ஞானத்துக்கோ, ஆளவந்தாரும் ஸ்ரீபாஷ்யகாரரும் முன்பே விடை கூறிவிட்டனர். யாருக்கும் இன்றி, எதைப் பற்றியும் இன்றி நிற்கும் அறிவுக்கு ப்ரமாணம் இல்லை. ப்ரமாணங்கள் அனைத்தையும் தள்ளியவரோ அதற்கு ஒன்றைக் காட்டவும் இயலாது.

ஏறக்குறைய அதே நூற்றாண்டில் மிதிலையில் கங்கேசரும் தத்வசிந்தாமணியில் ஸ்ரீஹர்ஷருக்கு மறுமொழி கூறினார். புகை வேண்டுபவன் தயங்காமல் நெருப்பைத் தேடுகிறான். பசித்தவன் உணவைத் தேடுகிறான். பிறர்க்கு உணர்த்த விரும்புபவன் சொல்லைத் தேடுகிறான். இவ்வாறு செய்துகொண்டே இவற்றின் தொடர்பை ஐயுறுவதாகக் கூறுவது வாயளவே. வேறு வேறு தர்சனங்களைச் சேர்ந்த மிதிலையும் காஞ்சியும் வ்யவஹாரம் என்ற ஒரே துறையில் வந்து இறங்கியது, அத்துறையின் உறுதியைக் காட்டும்.

ஐயமும் மஹாவிச்வாஸமும்

இவ்விசாரம் பண்டிதர்களின் பொழுதுபோக்கு அன்று. அறிவு பொருளின்றியும் தோன்றலாம் என்று ஒருமுறை இசைந்தால், ஸந்நிதியில் நிற்பவன் கண்ட திருமேனியும், காதில் விழுந்த திருமந்த்ரமும், குருபரம்பரை வழியாக வந்த சொல்லும் அதே தட்டில் வைக்கப்படும். உள்ளதையே அறிவு பற்றும், குறைவாகப் பற்றலாம் என்று நின்றால், நம் குறைவு வெளிப்படும், பொருள் இழக்கப்படாது. அர்ச்சையைக் காண்பவனின் அறிவும் குறைவுடையதே. ஆயினும் அவன் காண்பது உள்ளதை. ப்ரபத்தியின் அங்கமான மஹாவிச்வாஸம் இந்நிலத்தில்தான் வேரூன்ற முடியும்.

அந்த விச்வாஸம் ஐயத்தை அதட்டி அடக்கிப் பெறுவதன்று. கீதையின் நான்காம் அத்யாயத்தில் ஸம்சயாத்மா அழிவான் என்று எச்சரித்த அதே கண்ணன், அர்ஜுனனின் ஐயங்களுக்கெல்லாம் பதினெட்டு அத்யாயங்கள் வரை விடை அளித்தான். இறுதியில், இதனை முழுதும் ஆராய்ந்து பார்த்து விரும்பியபடி செய் என்றான். அதன் பின்னரே சரமச்லோகம். அதன் பின்னரே ஐயம் நீங்கினேன் என்ற அர்ஜுனனின் சொல். ஆராய இடங்கொடுத்த பின்பு கிடைத்த தெளிவு அது.

ஆகவே, எப்படித் தெரியும் என்று கேட்கும் இளம் மாணவனை நாஸ்திகன் என்று ஒதுக்குவது பூர்வாசார்யர்கள் நடந்த வழி ஆகாது. அவர்கள் நாகார்ஜுனர் முதல் ஸ்ரீஹர்ஷர் வரை வந்த கேள்விகளைக் கேட்டவர்கள். கேட்டு, அவற்றைப் பூர்வபக்ஷமாக எழுதிவைத்து, பின்னர் விடை அளித்தவர்கள். மாணவனுக்குக் காட்டவேண்டியது ஐயத்தின் எல்லையை: அவன் ஐயமும் ஏதோ ஓர் அறிவை நம்பியே பிறந்தது என்பதை. அதனைக் கண்டவன் தானே அதிகரணத்தின் மூன்றாம் அங்கத்துக்கும் நான்காம் அங்கத்துக்கும் நடந்து வருவான். ஐந்தாவது அங்கமான ப்ரயோஜனம், திருவடிகளில் ஐயமற்று நிற்பது.